ஏன் என்று ஒரு பட்டன்

போகி அன்று காலை அந்த மாடி அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். மீமிசல் சகுபர் காக்கா, கலைச்செல்வி, நான். இருந்திருக்க வேண்டியவன், ஆனால் இல்லாதவன் — செல்வம்.

செல்வம் விராலிமலையில் இருந்தான். வீட்டு மாட்டுக்குக் கொம்பு சீவி பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று முந்தின நாளே லீவு சொல்லிவிட்டுப் போய்விட்டான். பொங்கல் நேரத்தில் ஒருத்தன் மாட்டைப் பார்க்கப் போகிறான் என்றால் யார் தடுக்க முடியும்?

அவன் இல்லாவிட்டாலும் அவன் எழுதிய சாஃப்ட்வேர் இருந்தது. அதையும் ஓர் ஆளாகச் சேர்த்தால் நாங்கள் நான்கு பேர். சேர்க்கத்தான் வேண்டும் என்று அன்று மத்தியானம் எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்...

நான் எழுதியே பிழைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு தகவல். எழுத்து வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற நாட்களில் எனக்கு வேறு வேலை இருக்கிறது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஒரு பாத்திரக்கடை மாடியில். அங்கே செல்வமும் கலைச்செல்வியும் ஒரு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருக்கிறார்கள். இருவரும் ஒரே காலேஜ், ஒரே வகுப்பு. செல்வம் எழுதுவான். கலைச்செல்வி அதை உடைப்பாள். அதாவது, எங்கே உடையும் என்று தேடுவாள். என் வேலை? திரையில் வரும் வாக்கியங்களைத் தமிழில் எழுதுவது. 'எரர்' என்று வரும் இடத்தில், என்ன கோளாறு என்று மனிதர்களுக்குப் புரியும்படி சொல்வது.

சாஃப்ட்வேருக்குச் செல்வம் வைத்த பெயர் 'குலுக்கல்'. எங்கள் அம்மாவிடம் சொன்னபோது உடனே கேட்டது — "மொதப் பரிசு என்னடா?"

பரிசுச் சீட்டுக் குலுக்கல் இல்லை அம்மா, இது வேறு குலுக்கல் என்று விளக்கினேன். உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், கணக்கு இல்லை.

நம் பங்குச் சந்தையில் இரண்டு பெரிய குறியீடுகள் உண்டு. ஐம்பது கம்பெனிகளை வைத்து ஒன்று, முப்பது கம்பெனிகளை வைத்து ஒன்று. முப்பதில் இருப்பவை அநேகமாக ஐம்பதிலும் இருக்கும். எனவே இரண்டும் அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடிக்குப் போகும் இரண்டு பஸ் மாதிரி. கம்பெனி வேறு, ரோடு ஒன்று. பள்ளம் வந்தால் இரண்டும்தான் குலுங்கும்.

இந்தக் குறியீடுகள் மேல் 'ஆப்ஷன்' என்று ஒரு சரக்கு விற்கிறார்கள். குறியீடு இன்ன எல்லையைத் தாண்டி ஏறினால், அல்லது விழுந்தால், பணம் தரும் சீட்டு. அதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. அந்த நாள் முடிந்தால் சீட்டுக்கு மதிப்பில்லை. அப்படியானால் அதன் விலையை எது முடிவு செய்யும்? முக்கியமாக இரண்டு. சந்தை எவ்வளவு குலுங்கும் என்று ஆட்கள் பயப்படுகிறார்கள்? கடைசி நாளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

செல்வத்தின் சாஃப்ட்வேர் இதைப் பின்பக்கமாகப் போட்டுப் பார்க்கிறது. விலை தெரியும். நாள் தெரியும். அப்படியானால் பயம் எவ்வளவு? இரண்டு குறியீட்டுக்கும் அந்தப் பயத்தை அளந்து, பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. ஒரே ரோட்டில் போகிற இரண்டு பஸ்ஸில், ஒரு பஸ் பயணிகள் மட்டும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால்? எங்கோ விலை தப்பியிருக்கிறது. பயம் அதிகமான பக்கம் விற்று, குறைவான பக்கம் வாங்கினால், இரண்டும் பழைய இடத்துக்கு வரும்போது நடுவில் உள்ளது நமக்கு.

எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! உண்மையில் இந்த இடைவெளி மின்னி மறையும். பெரிய பெரிய கம்பெனிகள் பெரிய பெரிய மெஷின்களோடு காத்திருக்கும் மைதானம் இது. அங்கே ஒரு பாத்திரக்கடை மாடியிலிருந்து இரண்டு பிள்ளைகள், கிடைத்த கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு...

எனக்கு அதில் பிடித்தது வேகம் இல்லை. அதன் அடக்கம். இடைவெளி கண்ட உடனே குதிக்காது. புரோக்கர் கூலியைக் கழிக்கும். வரியைக் கழிக்கும். கேட்கிற விலைக்கும் கொடுக்கிற விலைக்கும் நடுவில் போவதைக் கழிக்கும். கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது என்றால், தான் கண்டுபிடித்ததைத் தானே தூக்கிப் போட்டுவிடும். நாளெல்லாம் திரையில் நிற்பது ஒரே வாக்கியம்தான். 'சும்மா இருங்க.'

நான் முதலில் 'சும்மா இரு' என்றுதான் எழுதியிருந்தேன். கலைச்செல்வி கோபித்துக்கொண்டாள். காக்கா பார்க்கிற திரை, மரியாதை வேண்டாமா என்றாள். 'ங்க' சேர்ந்தது அப்படி. வாங்கு, விற்றுவிடு, ஓடு என்று நம்மை விரட்டுகிற ஆப்களுக்கு நடுவில், நாள் முழுக்க மரியாதையாகச் 'சும்மா இருங்க' என்று சொல்கிற சாஃப்ட்வேர் வேறு எங்காவது உண்டா?

(இதைப் படித்துவிட்டு யாரும் ஆப்ஷன் பக்கம் கிளம்ப வேண்டாம். அதில் கை சுட்டுக்கொண்டவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள்.)

இனி சகுபர் காக்கா. மீமிசல்காரர். அவர் அத்தா கரையில் மீன் ஏலம் எடுத்தவர். இவர் வளைகுடாவில் ஒரு கோல்டு ஸ்டோரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். சொந்தப் பணத்தில் டிரேடிங் செய்கிறவர். கலைச்செல்வியின் அப்பாவுக்குப் பழக்கம் என்பதால் ஒரு நாள் மாடி ஏறி வந்தார். பார்த்தார். பிடித்துப்போனது. அறை வாடகையும், சந்தையிலிருந்து விலைகள் உடனுக்குடன் வந்து விழுவதற்குக் கட்ட வேண்டிய டேட்டா கட்டணமும் அவர் பொறுப்பு என்றார். ஆனால் பொங்கல் வரைக்கும்தான். அதற்குள் தன் பணத்தில் சின்ன அளவில் ஓட்டிப் பார்ப்பார். நம்பிக்கை வந்தால் இன்னும் ஒரு வருடம். வராவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

கலைச்செல்விக்குப் பெங்களூரில் ஒரு வேலை தயாராக இருந்தது. பொங்கல் முடிந்து பதில் சொல்கிறேன் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். காக்கா இல்லை என்றால் அவள் போய்விடுவாள். அவள் போனால் செல்வம் ஒற்றை ஆள். ஒற்றை ஆளாக 'குலுக்கல்' ஒரு மாதம் தாங்காது. இது எங்கள் நால்வருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கார்த்திகையில் தொடங்கிய சோதனை நன்றாகவே போயிருந்தது. பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். நஷ்டம் இல்லை. போகிதான் கிட்டத்தட்டக் கடைசி நாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. கீழே பாத்திரக்கடையில் நல்ல கூட்டம். பொங்கல் பானை வாங்க வந்தவர்கள் ஒவ்வொரு பானையையும் தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம் மாடிக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ மாடிப்படியில் ஒரு கட்டுக் கரும்பைச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைத் தாண்டித்தான் மேலே ஏறினோம்.

சந்தை திறந்து கொஞ்ச நேரம். 'சும்மா இருங்க' மறைந்தது. திரை முழுக்கச் சிவப்பு. 'பெரிய இடைவெளி.'

நாங்கள் அதுவரை பார்த்தவை எல்லாம் விரல் நுழையாத சந்து. இது லாரி நுழைகிற இடைவெளி! முப்பது கம்பெனிக் குறியீட்டில் பயம் எங்கேயோ போய் நின்றது. ஐம்பதில் அப்படி ஒன்றும் இல்லை. செலவெல்லாம் கழித்த பிறகும் கை நிறைய மிஞ்சும் என்று கணக்குக் காட்டியது.

கலைச்செல்வி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். காக்கா உட்கார்ந்தபடியே, வழக்கமான சின்ன அளவில், ஒரு செட் போட்டார். முப்பதில் விற்று, ஐம்பதில் வாங்கி. போட்டு முடித்த பிறகும் திரையில் சிவப்பு குறையவில்லை. இன்னும் போடலாம் என்றது.

காக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சோதனைக்கென்று ஒதுக்கியிருந்த மிச்சப் பணம் மொத்தத்தையும் இதில் இறக்கிவிடலாம் என்று சொன்னார். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. எங்களுக்காகச் சந்தோஷப்படுகிறார் என்று எனக்குப் பட்டது. இது ஒன்று நடந்துவிட்டால் அப்புறம் ஒரு வருடம் என்ன, இரண்டு வருடம் கேட்கலாமே...

அப்போது கலைச்செல்வி சொன்னாள் — "காக்கா, ரெண்டாவது செட்டு. 'ஏன்' படிச்சிட்டுப் போடுங்க."

இந்த 'ஏன்' பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதமும் என் வாய் வழியாகத்தான் எல்லோருக்கும் போய்ச் சேரும். மாத்திரை அட்டை, கரண்ட் அட்டை, கல்யாணப் பத்திரிகை... எல்லாவற்றையும் சத்தமாகப் படிக்க வேண்டும். கண்ணால் படித்துவிட்டுச் சாரத்தை மட்டும் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. கரண்ட் பில் இவ்வளவு என்றால் அடுத்த கேள்வி, "ஏன் அம்புட்டுப் போட்டிருக்கான்? அதப் படி." அது எப்போதும் பொடி எழுத்தில்தான் இருக்கும். அதையும் படித்தால்தான் விடுவார்.

இந்தக் கதையை ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னேன். சிரித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். மறு வாரம் திரையின் ஓரத்தில் செல்வம் ஒரு பட்டன் வைத்திருந்தான். 'ஏன்?' அதை அழுத்தினால், எந்த முடிவுக்கும் எதை எதை நம்பி அங்கே வந்தது என்று சாஃப்ட்வேர் ஒரு பத்தியில் சொல்லும். வாக்கியங்கள் நான் எழுதியவை. உள்ளே வந்து உட்காரும் விவரங்கள் அது தானே எடுத்துக்கொள்பவை. இரண்டாவது செட் போடுவதற்கு முன் யாராவது ஒருவர் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது கலைச்செல்வி போட்ட சட்டம்.

பழைய வேலை. படித்தேன்.

"முப்பது கம்பெனிக் குறியீட்டின் இந்த வார ஆப்ஷன் இன்று மாலையோடு முடிகிறது. ஆனாலும் விலை குறையாமல் இருக்கிறது. எனவே இன்று மாலைக்குள் மிகப் பெரிய குலுக்கலை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். வழக்கமாக முடியும் நாள் வியாழன். வியாழன் விடுமுறை என்பதால் அதற்கு முந்தைய வேலை நாளான இன்றைக்கு மாறியது. இந்த வார விடுமுறைகள்: பொங்கல், மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள்."

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கலைச்செல்விக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கு எப்படி உறைக்கும்? புதன் பொங்கல், வியாழன் மாட்டுப் பொங்கல், வெள்ளி உழவர் திருநாள். மூன்று நாளும் லீவு. பிறந்ததிலிருந்து அப்படித்தானே?

காக்கா மட்டும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க."

படித்தேன்.

"மும்பைக்காரனுக்கு ஏதுய்யா மாட்டுப் பொங்கலு?"

கீழே யாரோ பானையைத் தட்டினார்கள். நன்றாகக் கேட்டது.

கலைச்செல்வி செல்வத்துக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மாட்டுக் கழுத்து மணிச் சத்தம் முதலில் வந்தது. பிறகுதான் செல்வம் வந்தான். காக்கா நிதானமாகக் கேட்டார்.

"செல்வம், நாளான்னைக்கு மார்க்கெட் உண்டா?"

"நாளான்னைக்கு மாட்டுப் பொங்கல்ங்க, காக்கா." வெயிலடிக்கும்போது குடை எதற்கு என்று கேட்பது போன்ற குரல்.

"அது எனக்குத் தெரியும்யா. மும்பைக்குத் தெரியுமா?"

மணிச் சத்தத்துக்கு நடுவில் அவன் சொன்னது ஒரே வார்த்தை. "அய்யய்யோ."

நடந்தது இதுதான். புது வருடம் பிறந்ததும் சாஃப்ட்வேருக்குப் புது வருட விடுமுறை நாட்களைச் சொல்லித்தர வேண்டும். செல்வம் என்ன செய்தான்? தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைப் பார்த்தான். நகைக்கடையில் கொடுத்தது. சிவப்பாக இருந்த தேதிகளை எல்லாம் வரிசையாக ஏற்றிவிட்டான். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் எது லீவோ, அது மும்பைச் சந்தைக்கும் லீவு! அங்கே அந்த வாரம் மூன்று நாளும் கடை திறந்திருக்கிறது என்பது, விராலிமலையில் மாடு வளர்க்கிற ஒருவனுக்குக் கனவில்கூட வந்திருக்காது.

விளைவு? வியாழக்கிழமை வரைக்கும் உயிரோடு இருக்கிற ஆப்ஷனை, இன்று சாயங்காலமே செத்துவிடும் என்று எங்கள் சாஃப்ட்வேர் நம்பியது. ஐம்பதின் ஆப்ஷன் வழக்கமாகவே செவ்வாயில் முடிவது, அதனால் அதில் தப்பு வரவில்லை. நாளைத் தப்பாகச் சொன்னால் பயத்தையும் அது தப்பாகத்தானே சொல்லும்? காக்கா அதை மீமிசல் கணக்கில் சொன்னார் — ஐஸ் வைத்த மீனை ஐஸ் இல்லாத மீன் என்று நினைத்துவிட்டது, அதனால்தான் சாயங்காலம் நாறப்போகிற மீனுக்கு இவ்வளவு விலையா என்று மிரண்டிருக்கிறது.

இதில் ஒன்று. முடியும் நாள் புரோக்கர் திரையில் தெளிவாக இருந்தது. வியாழக்கிழமைத் தேதி. பொடி எழுத்தில். மூன்று பேர் முன்னால் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது சிவப்பை.

செல்வம் போனிலேயே வழி சொன்னான். எந்த ஃபைல், எந்த மூன்று வரி என்று. நடுநடுவே யாரையோ "கயித்த விடாதடா, கயித்த விடாத" என்று அதட்டிக்கொண்டிருந்தான். கலைச்செல்வி மூன்று வரிகளையும் அழித்தாள். பொங்கல் போயிற்று. மாட்டுப் பொங்கல் போயிற்று. உழவர் திருநாள் போயிற்று. ஒரு மனிதப் பிறவி இதைச் செய்ய மனசு வருமா என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

திரை ஒரு கணம் வெறிச்சென்று இருந்தது. பிறகு வந்தது — 'சும்மா இருங்க.'

லாரி நுழைந்த இடைவெளியைக் காணோம்.

மிச்சம் இருந்தது அந்த ஒரு செட். காக்கா போட்டது. அதை உடனே முடித்துக்கொள்வதா, கொஞ்சம் பொறுப்பதா? பொறுத்தால் ஒருவேளை நம் பக்கம் வரலாம். இந்த 'ஒருவேளை'தான் டிரேடிங் செய்கிறவர்களைத் தின்கிற வார்த்தை. காக்காவும் மனிதர்தான். திரையைப் பார்த்தார். கலைச்செல்வியைப் பார்த்தார். ஒரு மணி நேரம் பார்ப்போமா என்று இழுத்தார்.

கலைச்செல்வி அந்த செட்டின் மேல் 'ஏன்?' பட்டனை அழுத்தினாள். இந்த முறை ஒரே வரி. நானே எழுதி மறந்துபோன வரி. சத்தமாகப் படித்தேன்.

"இதை வைத்திருக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை."

காக்கா முடித்துவிட்டார். நஷ்டம்தான். எழுந்தார். லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு, பள்ளிக்குப் போயிட்டு வாரேன் என்றார். கரும்புக் கட்டைத் தாண்டி அவர் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

வாரேன் என்றுதான் சொன்னார். நம் ஊரில் திரும்பி வராதவர்களும் வாரேன் என்றுதானே சொல்லிவிட்டுப் போவார்கள்?

நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். கலைச்செல்வி போனைக் கையில் எடுத்தாள். பெங்களூர் கம்பெனியின் மெசேஜைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். நான் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தேன். சுவரில் அந்தக் காலண்டர். மூன்று சிவப்புத் தேதிகள். இவ்வளவு சந்தோஷமான சிவப்பை அவ்வளவு வருத்தமாக நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. நாம் தினமும் எத்தனை பேருடைய முடிவுகளுக்குக் கீழே வாழ்கிறோம்! 'சாயங்காலம் வாங்க.' ஏன்? தெரியாது. 'இந்த ஃபாரம் செல்லாது.' ஏன்? 'சர்வர் இல்லை.' சர்வருக்கு என்ன ஆச்சு? 'பொண்ணு வீட்ல யோசிக்கிறாங்க.' என்ன யோசிக்கிறார்கள்? எந்த நெற்றியிலும் அந்தப் பட்டன் இல்லை. தப்பு நடந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காரணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வார்கள்.

இந்த சாஃப்ட்வேர் தப்புச் செய்தது. நாங்கள் சொல்லித்தந்த தப்பு. ஆனால் எதை நம்பி அந்தத் தப்பைச் செய்தது என்று, கேட்டதும், ஒளிக்காமல், மாட்டுப் பொங்கலோடு சேர்த்துச் சொல்லிவிட்டதே? செல்வம் மாட்டோடு இருந்தபோதும் செல்வம் வைத்த பட்டன் இங்கே வேலை பார்த்தது. அதை எழுதியவனை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் செய்த தப்பினால்தான் மாட்டிக்கொண்டோம் என்பதையும் மீறி... ஏன், அதனாலும்தான்.

படியில் செருப்புச் சத்தம். கூடவே ஏதோ உரசுகிற சத்தம்.

காக்கா வந்தார். தோளில் மூன்று கரும்பு. தோகை நிலைப்படியில் இடித்தது. கீழே சாய்த்து வைத்திருந்த கட்டிலிருந்து உருவிவிட்டாரோ என்று ஒரு கணம் பயந்தேன். விலைக்குத்தான் வாங்கியிருந்தார். ஆளுக்கு ஒன்றாம். செல்வத்துடையதையும் சேர்த்து மூன்று. தனக்குப் பல் ஒத்துழைக்காது என்றார்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அந்த டேட்டா காசு... ஒரு வருசத்துக்கா மொத்தமாக் கட்டுனா கொறைப்பானா?"

கலைச்செல்வி போனைக் கீழே வைத்தாள். நான்தான் குறைப்பார்கள் என்றேன். எனக்கு அது தெரியவே தெரியாது.

"நான் இருந்த கோல்டு ஸ்டோர்ல ஒரு பொட்டி கெட்டுப்போனா, யாரு செஞ்சதுன்னு கண்டுபிடிக்கவே ஒரு வாரம் விசாரணை நடக்கும். எல்லாம் அடுத்தவன கையக் காட்டுவான். இது அதுவா ஒத்துக்கிருச்சு. இத விட்டுட்டு நான் எங்க போக?"

இரண்டு கண்டிஷன் போட்டார். ஒன்று — 'ஏன்' படிப்பது இனிமேல் இரண்டாவது செட்டுக்கு அல்ல, முதல் செட்டுக்கே. அதுவும் சத்தமாக. இரண்டாவது கண்டிஷனைச் சொல்வதற்கு முன் காலண்டரைப் பார்த்தார்.

"நாளான்னைக்கு மும்பை தெறந்தா தெறக்கட்டும். நம்ம ஆபீஸ் லீவு."

சாயங்காலம் விராலிமலையிலிருந்தபடியே செல்வம் அதையும் எழுதி அனுப்பிவிட்டான். இப்போது 'குலுக்கல்' இரண்டு விதமான விடுமுறைகளை வைத்துக்கொள்கிறது. ஒன்று 'சந்தை லீவு'. அது சந்தையிடமிருந்தே நேராக எடுத்துக்கொள்வது, காலண்டருக்கு அங்கே வேலை இல்லை. இன்னொன்று 'நம்ம லீவு'. சந்தை திறந்திருந்து நமக்கு லீவு என்றால், எவ்வளவு பெரிய இடைவெளி தெரிந்தாலும் திரையில் வர வேண்டிய வாக்கியம் ஒன்றை என்னிடம் கேட்டான். எழுதிக் கொடுத்தேன். 'இடைவெளி இருக்கிறது. இருக்கட்டும்.'

உலகத்தில் எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் இந்த மாதிரி சாஃப்ட்வேர் செய்கிறார்கள். மாட்டுப் பொங்கலுக்கு லாபத்தை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த சாஃப்ட்வேர் புதுக்கோட்டையில்தான் இருக்கிறது என்று நான் துணிந்து சொல்வேன்.

மாட்டுப் பொங்கல் அன்று நானும் கலைச்செல்வியும் விராலிமலைக்குப் போனோம். காக்காவும் மீமிசலிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். செல்வத்தின் மாட்டுக்கு ஒரு கொம்பு பச்சை, ஒரு கொம்பு சிவப்பு. சந்தை நிலவரமா என்று காக்கா கேட்டார். வீட்டில் மிச்சம் இருந்த பெயிண்ட் அதுதாங்க என்றான் செல்வம். அவனுடைய கரும்பைக் கொடுத்தோம். பாதியை அவன் தின்றான், பாதியை மாடு தின்றது.

அங்கே வேப்பமரத்தடியில் நின்று கலைச்செல்வி பெங்களூருக்குப் பதில் அனுப்பினாள். வரவில்லை என்று. அவர்கள் உடனே திரும்பக் கேட்டார்கள் — ஏன்? அவள் எங்களைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், நிறைய நேரம் யோசித்தாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை. எழுதும்போது சிரித்தாள்.

அன்று மும்பையில் சந்தை ஏறியதா இறங்கியதா என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

கடைசியாக, அந்த ஒரு செட். புரோக்கர் கூலி, வரி, விற்ற விலைக்கும் திருப்பி வாங்கிய விலைக்கும் நடுவில் போனது எல்லாம் சேர்த்து, மும்பைக்கு மாட்டுப் பொங்கல் கிடையாது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆன செலவு — மூவாயிரத்து இருநூற்று எழுபது ரூபாய். கரும்பு தனி.